முப்பத்தொன்று, முப்பத்துநாலு

பெட்டி முதலில் ஆந்திரத்துச் சித்தூருக்குப் போய்விட்டது.
மாங்கூழ் ஆலைக்கு வந்த சரக்கென்று நினைத்து
மூன்று மாதம் கிடங்கில் போட்டிருந்தார்கள்.
பாலக்காட்டுச் சித்தூருக்கு, எங்களுக்கு, வந்து சேர்ந்தபோது
வைக்கோலில் மாம்பழ வாசம்.
உள்ளே நூற்றுப் பதினெட்டுக் கண்ணாடித் தட்டுகள்.
ஒரு போர்.

எந்தப் போர் என்று எங்கும் எழுதவில்லை.
மலை இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது,
அதனால் ஆப்கான் என்று எழுதச் சொன்னார் சசிதரன் சார்,
பென்சிலில்.

பழைய கச்சேரியின் கருவூல அறை.
ஜன்னல் இல்லை, கணவாய்க் காற்று மட்டும்
கதவுக்கடியில் நுழைந்து வைக்கோலைப் புரட்டும்.
தட்டுக்குப் பதினாலு ரூபாய்.
உடைந்தால் எங்கள் கணக்கு.

ரசியா வெளிச்சப் பலகையில் தட்டை வைத்தாள்.
வானம் கறுப்பு. நிழல் வெள்ளை.
துரைமார் எல்லாரும் கறுத்திருந்தார்கள்,
தோல்பையில் தண்ணீர் சுமந்தவன்
பால்போல வெளுத்திருந்தான்.
கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.
கொஞ்ச நேரம்
நாங்கள் அழுத்தவில்லை.

அந்தக் காலத்துக் கருவிக்கு எட்டு நொடி வேண்டும்.
அசைந்தது எதுவும் தங்காது.
குதிரையின் தலை இருந்த இடத்தில் புகை,
கொடி இல்லாத கொடிக்கம்பம்,
நடந்துபோன ஒரு பட்டாளம் முழுக்க
தரையோரம் லேசான அழுக்கு.
செத்தவர்கள் மட்டும்
பொத்தான் துளை வரைக்கும் துல்லியம்.

அச்சிடும் தாளில் முட்டை வெள்ளைக்கரு பூசுவார்களாம்,
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
வேலந்தாவளம் செக்போஸ்டில்
நாமக்கல் முட்டை லாரிக்குப் பின்னால் என் பஸ் நிற்கும்போது
அது ஞாபகம் வரும்.
மஞ்சள் கருவை எல்லாம் யார் தின்றிருப்பார்கள்?

முப்பத்தொன்றாம் தட்டில்
கிணற்றடியில் ஒருவன் கிடக்கிறான்.
இடது காலில் செருப்பு இல்லை.
முப்பத்துநாலில்
இடிந்த மதிலோரம் ஒருவன்.
இடது காலில் செருப்பு இல்லை.
"அக்கா, இவனேதான்" என்றாள் ரசியா.
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்.
அதே தாடி, தோளில் அதே கிழிசல்.
மதில் அழகாக விழும் என்று
யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.
இழுத்த தடத்தை மறைக்க
குறுக்கே ஒரு துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள்.
முழுக்க மறையவில்லை.

சடலங்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் உண்டு.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
இரண்டிலும் ஒன்று போட்டால் அவன் இரண்டு தரம் சாகிறான்.
இரண்டாவதில் சைபர் போட்டால்
மதிலோரம் கிடப்பது யார்?
"ஒண்ணு ஒண்ணு போட்டுட்டுப் போ மோளே,
மார்ச்சுக்குள்ள பில்லு பாஸாகணும்."

எல்லாத் தட்டிலும் இடது கீழ்மூலையில்
ஒரு கட்டைவிரல் ரேகை.
ஈரமருந்து ஊற்றும்போது பிடித்த இடம்.
படமெடுத்த துரையின் பெயர் பெட்டியில் பித்தளையில் இருக்கிறது.
விரல் அவருடையதாகவும் இருக்கலாம்.
ஆனால் வெள்ளி மருந்து பட்டால்
வாரக்கணக்கில் விரல் கறுத்துக் கிடக்குமாம்;
கூட ஓர் ஆள் இருக்கும்போது
எந்தத் துரை தன் விரலைக் கொடுப்பார்?
கூடாரம் சுமந்தவன், தட்டு கழுவியவன்,
கிணற்றடியிலிருந்து அவனை
அக்குளில் கைகொடுத்து இழுத்தவனும் இவன்தானோ.

காலையில் வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரம்
என் கட்டைவிரலை ஏற்பதில்லை.
கஞ்சிக்கோட்டில் ஆறு வருஷம்
காரத்தண்ணீரில் பாட்டில் கழுவிய கை.
மூன்று தரம் சிவப்பு விளக்கு எரிந்தபின்
நோட்டில் கையெழுத்துப் போடுவேன்.
இவன் ரேகையோ
நூற்றுச் சொச்சம் வருஷமாக, ஒரு சுழி கலையாமல்.

கடைசியில் குறிப்புக் கட்டத்தில் சொல்லி எழுதவைத்தேன்:
இறந்தவர் ஒருவர், இரண்டு இடங்களில்.
கீழ்மூலையில் இன்னொருவர், பெயர் தெரியவில்லை.

ரசியா பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள்:
"அக்கா, விரலுக்கும் பதினாலு ரூபா உண்டா?"